இல்லாத மூன்று ஏக்கர்

தம்பி,

நீ தலவாக்கலையில் ரயிலேறிப் போய் இன்றோடு ஒன்பது நாளாகிறது. மதராசில் போய் இறங்கி, தங்கியிருக்கும் வீட்டு விலாசத்தோடு நீ போட்ட கார்டு நேற்றுத்தான் வந்தது. உங்கம்மா அதை நாலு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கடல் அமைதியாக இருந்தது, வாந்தி எடுக்கவில்லை என்று எழுதியிருந்த இடத்தில் ஒவ்வொரு தரமும் சிரித்தாள். நான் இதைப் பங்களாக் குசினி மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தோட்டத்துத் துரை சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். நாலு மணிக்கு எழுந்து தேத்தண்ணி கேட்பார். அதுவரைக்கும் பங்களாவில் சத்தமிருக்காது. எழுதி முடிக்க எப்படியும் மூன்று மத்தியானமாகும். சமைக்கிற கைக்குப் பேனா சுலபத்தில் படியாது. எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே என்றெல்லாம் ஸ்டேஷனிலேயே சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதற்கு நேராகப் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

இலங்கை சுதந்திரம் வாங்கிய வருஷம் உனக்குப் பதினொரு வயது. உங்கம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள் என்பதால் பள்ளிக்கூடம் விட்டதும் நீ நேரே பங்களாவுக்குப் பின்பக்கமாக வந்துவிடுவாய். அப்போதிருந்த வெள்ளைக்காரத் துரைசாணி மத்தியானங்களில் கிராமபோன் வைப்பார். அதில் வருவதெல்லாம் ஓபரா. நான் இருபது வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தவன், ஒரு பெண் கத்துகிறாள், ஒரு ஆண் பதிலுக்குக் கத்துகிறான் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் பிடிபட்டதில்லை. ஒருநாள் நீ பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டு, "அப்பா, அந்தம்மா சாகப் போறாங்க" என்றாய். என்னடா உளறுகிறாய் என்றேன். "இல்லப்பா. நம்ம காமன் கூத்துல மன்மதன் எரிஞ்சு போனதும் ரதி அழுவாங்கல்ல, அப்போ தப்பு அடிக்கிறதை நிப்பாட்டிருவாங்க. வெறும் குரல் மட்டும் கேக்கும். இங்கயும் இப்ப வாத்தியமெல்லாம் நின்னுருச்சு, பாருங்க" என்றாய். துரைசாணி கதவோரம் வந்து நின்றதை நாம் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அவருக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாகத் தெரியும். "அப்பு, உன் மகன் சரியாச் சொல்றான். அந்தப் பொண்ணு செத்துப் போறா" என்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உன்னைக் கூப்பிட்டுப் பியானோவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்.

அதன்பிறகு நடந்தது உனக்கே தெரியும். அந்தக் குடும்பம் சீமைக்குத் திரும்பும்வரை வாரத்துக்கு இரண்டு நாள் உனக்கு அந்த ஐந்துகோட்டு இசை எழுத்தைப் படிப்பித்தார். போகும்போது ஒரு தகரப்பெட்டி நிறைய இசைப் புத்தகங்களையும் பழைய நாடக நோட்டீசுகளையும் உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஊதுகிற வாத்தியமோ தட்டுகிற வாத்தியமோ நம் வீட்டில் ஒன்றும் கிடையாது. தொழிலாளர் லயத்து அறையில் உட்கார்ந்து அந்தத் தாள்களைச் சத்தமில்லாமல் வாசிப்பாய், உதடு மட்டும் அசையும். பக்கத்து அறைக்காரர்கள் பையனுக்கு என்னமோ பிடித்திருக்கிறது என்று உங்கம்மாவிடம் வந்து சொன்னார்கள். நானும் ஒருநாள், இதைப் பார்த்தால் வயிறு நிறையுமா, ஒழுங்காகப் படித்துக் கிளாக்கர் வேலைக்குப் போகிற வழியைப் பார் என்று அந்தப் பெட்டியைக் காலால் தள்ளினேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாய். அன்றைக்கு நீ என்னோடு சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் அது நினைவிருந்திருக்காது.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். நீ ஹட்டனில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த காலம். இங்கேயே பிறந்திருந்தாலும் நம் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை தானாக வராது, எழுதிக் கேட்டுத்தான் வாங்கவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. நான் விண்ணப்பம் போட்டேன். உன் பெயரையும் உங்கம்மா பெயரையும் அதிலேயே சேர்த்திருந்தேன். விசாரணைக்கு நுவரெலியாவுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. நானும் உங்கம்மாவும் விடியவே கிளம்பிப் போனோம். ஒரு பெரிய மண்டபம். நம் தோட்டத்து ஆட்கள் இருபது முப்பது பேர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒரு சிங்கள ஆபீசர், பக்கத்தில் அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல ஒருவர். யார் என்ன பதில் சொன்னாலும் மண்டபம் முழுக்கக் கேட்கும்.

எனக்கு அடுத்தபடி உட்கார்ந்திருந்தவர் நம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. உனக்கு அவரைத் தெரியும். பங்களாச் சமையல்காரனை எல்லோரும் மரியாதையாக அப்பு என்பார்கள், அவர் மட்டும் என்னை "குசினிக்காரா" என்றுதான் கூப்பிடுவார். மலையில் வெயிலிலும் மழையிலும் நிற்காமல் துரை வீட்டு எச்சில் தட்டைக் கழுவி உடம்பு வளர்க்கிறவன் என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொல்வார். அன்றைக்கும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "என்னா குசினிக்காரா, நீ இந்த நாட்டுக்காரனா ஆகி என்ன செய்யப் போறே? சிங்களத் துரைக்கும் கோழி பொரிக்கப் போறியா?" என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு முன்னால் போன இரண்டு பேரிடம் இந்தியாவில் சொந்தமாக நிலம், வீடு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். இரண்டு பேரும் "ஒண்ணுமில்லைங்க ஐயா" என்றார்கள். என் முறை வந்தது. அதே கேள்வி.

நான், "இருக்குங்க ஐயா" என்றேன்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தமிழில் கேட்டவர் நிமிர்ந்து பார்த்தார். "எவ்வளவு இருக்கு?" என்றார். "மூணு ஏக்கர் நஞ்சைங்க. ஓட்டு வீடு ஒண்ணும் இருக்கு. துறையூர்ப் பக்கம். தம்பிக்காரன் பாத்துக்கிறான்" என்றேன். எனக்குத் தம்பி கிடையாது, தம்பி. துறையூரை நான் கண்ணால் கண்டதில்லை. உன் தாத்தா வாயால் கேட்ட பெயர், அவ்வளவுதான். நான் லிந்துலையில் பிறந்து லிந்துலையில் வளர்ந்தவன், கடலையே கொழும்புக்குப் போனபோதுதான் பார்த்தேன். ஆபீசர் எழுதிக்கொண்டே ஏதோ கேட்டார். "கடைசியில அங்க போய் இருக்கிற எண்ணம்தானா?" என்று இவர் தமிழில் கேட்டார். பின்னால் கணக்கப்பிள்ளை மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. "நஞ்சை கெடக்குதுங்களே ஐயா. ஒரு நாளைக்குப் போகத்தானே வேணும்" என்று சொன்னேன். ஆபீசர் அதையும் எழுதினார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. சொன்னதை எழுதிக்கொண்டார். உங்கம்மா என் பக்கத்தில் நின்றாள். அவள் கை என் சட்டையைப் பின்னாலிருந்து ஒருமுறை இழுத்தது, பிறகு விட்டுவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணக்கப்பிள்ளை எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். "சொல்லவே இல்லையே, அப்பு" என்றார். முதல் தடவையாக என்னை அப்பு என்று கூப்பிட்டார். லயத்தில் ஒரு வாரம் அதே பேச்சு. எனக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் பாதி உண்மைதான். சில மாதம் கழித்து விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டதாகக் கடிதம் வந்தது. இந்த நாட்டில் நிலையாக இருக்கும் எண்ணம் எனக்கு இல்லையாம். பெரிய கிளாக்கர் நல்ல மனிதர், என்னைக் கூப்பிட்டு, "அப்பீல் பண்ணலாம், அப்பு. நெலம் கிலம் ஒண்ணுமில்ல, வாய் தவறிச் சொல்லிட்டேன்னு எழுதிக் கொடுங்க. நாலு பேர் சாட்சி சொன்னாப் போதும்" என்றார். அந்த நாலு பேரிடம் போய், எனக்கு நிலமில்லை, நான் சொன்னது பொய் என்று நான் சொல்ல வேண்டும். இன்றைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று தள்ளித் தள்ளி, அப்பீல் பண்ணுவதற்கான தவணை போய்விட்டது. ஒரு பொய்யை வாய் தவறிச் சொன்னேன் என்று மன்னிக்கலாம். அந்தத் தவணையை நான் வாய் தவறி விடவில்லை.

அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பிரஜாவுரிமை இல்லாமலும் ஆட்கள் வேலை செய்தார்கள், சோறு தின்றார்கள். நீ பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாய். நம் தோட்டத்திலிருந்து அங்கே போன முதல் ஆள் நீதான். லீவுக்கு வரும்போதெல்லாம் உன் பேச்சு மாறிக்கொண்டே வந்தது, ஆனால் பட்டாணி உரிக்க மட்டும் மறக்காமல் வந்து உட்கார்ந்தாய். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் ஒரு அரண்மனைக் கல்யாணத்துக்காக எழுதிய ஓபராவைப் பற்றி அப்போதுதான் சொன்னாய். பாடுகிறவனின் வரியும், அடியில் தடித்த குரல் வாத்தியத்தின் வரியும் மட்டும்தான் தாளில் இருக்குமாம். நடுவில் உள்ளதையெல்லாம் வாசிக்கிறவன் தானே நிரப்பிக்கொள்ள வேண்டுமாம். "எப்படித்தான் நிரப்புவாங்க?" என்று கேட்டேன். "உங்களுக்கு உப்பு எவ்வளவு போடணும்னு யாரு எழுதிக் கொடுத்தாங்க?" என்றாய். எனக்கு அன்றைக்கு உன் படிப்பு கொஞ்சம் விளங்கினது. அதைத்தான் நீ கட்டுரையாக எழுதினாய். உன் விரிவுரையாளர் அதை இத்தாலிக்கு அனுப்பினார். அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு வருஷம் வந்து படிக்கச் சொல்லி, தங்க இடமும் சாப்பாடும் தருவதாகச் சொல்லி எழுதினார்கள்.

நீ கடவுச்சீட்டுக் கேட்டுக் கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மழையில் நனைந்து குசினி வாசலில் வந்து நின்றாய். "குடுக்க மாட்டாங்களாம்ப்பா. நான் எந்த நாட்டுக்காரனும் இல்லையாம்" என்றாய். துண்டை எடுத்து உன் தலையைத் துவட்டினேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "உங்க விசாரணையில அந்த ஆபீசர் அநியாயம் பண்ணியிருக்கார்ப்பா. உங்களை மாதிரி ஒரு மனுசனைப் பாத்து எப்படி இல்லைன்னு எழுத மனசு வந்துச்சு?" நான் தேத்தண்ணி ஊற்றினேன். சீனி இரண்டு கரண்டி போட்டேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. "குடி, ஆறிரும்" என்று மட்டும்தான் சொன்னேன். அதற்குப் பிறகு பல பேரிடம் நீ அந்த ஆபீசரைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நீ உடைந்து போகவில்லை. கொழும்பில் பள்ளிக்கூடமொன்றில் இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் பழைய பத்திரிகைகள் அடுக்கி வைத்திருக்கும் அறையில் போய் உட்கார்ந்தாய். இத்தாலிக்குப் போக முடியாவிட்டால் இங்கே வந்த ஓபராவைத் தேடுகிறேன் என்றாய். போன நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போன பாட்டுக்காரக் கோஷ்டிகள் கொழும்பில் இறங்கி நாலு நாள் ஆடிவிட்டுப் போனதையெல்லாம் தாள் தாளாகப் புரட்டிக் கண்டுபிடித்தாய். அவர்களைப் பார்த்த நம் ஆட்களின் நாடகங்களில் அந்த மெட்டுகள் எப்படி வேஷம் மாறி வந்தன என்றும் எழுதினாய். தூசியில் இருமல் பிடித்து மார்புச் சளியோடு வந்து உங்கம்மாவிடம் கஷாயம் வாங்கிக் குடித்தாய். உன் கட்டுரைகள் வெளிநாட்டில் அச்சாயின. உனக்கு அறுபது வயதிருக்கும் என்று நினைத்து எழுதியவர்களெல்லாம் உண்டு. இவ்வளவுக்கும் நீ ஒரு ஓபராவைக்கூட மேடையில் பார்த்ததில்லை.

போன வருஷம் கொழும்பில் நீ பேசிய கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப் போனாய். கடைசி வரிசையில் வெள்ளைச் சாரமும் துரை கொடுத்த கோட்டுமாக உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷ் பாதிதான் விளங்கினது. பேசி முடித்ததும் முத்துமாலை போட்ட ஒரு அம்மா எழுந்து, எந்தெந்த ஊரில் எந்தெந்த ஓபரா மண்டபங்களுக்குப் போயிருக்கிறீர்கள் என்று கேட்டார். அது எனக்கு நன்றாக விளங்கினது. நூறு பேர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லிவிடேன்டா, யாருக்குத் தெரியப் போகிறது என்று என் மனசு சொன்னது. நீ, "ஒன்றுக்கும் போனதில்லை. எல்லாவற்றையும் காகிதத்தில்தான் பார்த்திருக்கிறேன்" என்றாய். சிரித்துக்கொண்டு, குரல் நடுங்காமல் சொன்னாய். பிறகு அந்த அம்மாவே கைதட்டினார். எனக்குக் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. பெருமையில் அழுகிறேன் என்று நீ நினைத்தாய். பெருமையும் இருந்தது. என்னிடமிருந்து உனக்கு எது வந்திருந்தாலும் அந்தப் பொய் வாய் வரவில்லை என்று நினைத்துத்தான் அதிகமாக அழுதேன்.

அந்த வருஷக் கடைசியில் இத்தாலியிலிருந்து மறுபடியும் எழுதினார்கள். ஏதாவது ஒரு நாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால் போதும் என்றார்கள். நீ இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிக் கொடுத்தாய். அதை வாங்கினால் இங்கே திரும்பி வந்து குடியிருக்க முடியாது என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாய். அன்றைக்கு உங்கம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். பன்னிரண்டு வருஷமாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. "அவன் போறதுக்குள்ள சொல்லிருங்க" என்றாள். நீயே சொல்லேன் என்றேன். "நான் சொன்னா உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். நீங்க சொன்னாத்தான் அது சொன்னதாகும்" என்றாள். ஸ்டேஷனில் சொல்லலாம் என்று வந்தேன். நீ ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அப்பா, மூட்டுவலிக்குத் தைலம் தேய்ச்சுக்குங்க, மறந்துராதீங்க" என்றாய். ரயில் நகர்ந்துவிட்டது. அந்தக் கையை விட்டுவிட்டு நான் என்ன சொல்வேன்?

இப்போது சொல்லிவிட்டேன். இங்கே பிறந்தவனை நீ எந்த நாட்டுக்காரன் என்று கேட்டதே நியாயமில்லைதான். உண்மை சொன்னவர்களையும்தான் திருப்பி அனுப்பினார்கள், "இல்லைன்னு சொன்னவங்களுக்கெல்லாம் கெடைச்சிருச்சா?" என்று சொல்லித்தான் உங்கம்மா இந்த ஒன்பது நாளாக என்னைத் தேற்றுகிறாள். கிடைத்தும் இருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். எதுவாயிருந்தாலும், உனக்காகச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு பதிலை நான் கணக்கப்பிள்ளையின் ஒரு "அப்பு"வுக்காகக் கொடுத்துவிட்டேன். இனிமேல் அந்த ஆபீசரை எங்கேயும் குறை சொல்லாதே. அவர் நான் சொன்னதைத்தான் எழுதினார். புத்திமதி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் அப்பனாயிற்றே, இரண்டு சொல்கிறேன். அங்கே உன்னை எந்த ஊர் என்று கேட்டால் லிந்துலை என்று சொல், அப்பன் என்ன வேலை என்று கேட்டால் பங்களாவில் சமையல் என்று சொல். உனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தால், அதுகள் உன்னைப் பெரிய ஆளாக நினைக்கிற நேரம் பார்த்து ஏதாவது ஒரு தப்பைச் சொல்லி வை. என்னைப் போலப் பன்னிரண்டு வருஷம் சேர்த்து வைக்காதே.

இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வரும். வரட்டும். பதில் எழுத மனசில்லாவிட்டால் உங்கம்மா பெயருக்கு எழுது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும், அதனால் உன் சுகம் எனக்கும் தெரிந்துவிடும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ இத்தாலியில் முதல் முதலாக ஒரு ஓபரா பார்க்கப் போகும் அன்றைக்கு என்னை நினைக்காதே. இந்தக் கடிதத்தை அறையிலேயே வைத்துவிட்டுப் போ. விளக்கை அணைப்பார்கள், திரை தூக்குவார்கள் என்று நீதானே சொன்னாய். அந்த மூன்று மணி நேரமும் உன்னுடையது, அதில் எனக்குப் பங்கு வேண்டாம், கோபமாகக்கூட வேண்டாம். முழுக்கப் பார். எல்லோரும் எழுந்து போனபிறகு மெதுவாக எழுந்து வா. வெளியே குளிராக இருக்கும், கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். அதற்குப் பிறகு என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. நான் இங்கேதான் இருப்பேன்.

அப்பா